காற்று மாசுக் கட்டுப்பாட்டில் மேல்படிப்பு: ஐஐடியா, அண்ணா பல்கலையா, பக்கத்துக் காலேஜா, ஜெர்மனியா, இல்லை முதலில் வேலையா?

மெக்கானிக்கல் முடித்த ஒரு தம்பி, கெமிக்கல் கடைசி வருஷத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி, சிவில் முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருக்கும் இன்னொருவர். மூன்று பேர் கேட்பதும் ஒன்றுதான்: புகையையும் தூசியையும் பிடிக்கிற கருவிகளை டிசைன் பண்ணும் வேலைக்குப் போகணும், அதற்கு மேல்படிப்பை எங்கே படிப்பது? வீட்டில் ஒருத்தர் கேட் (GATE, எம்.டெக். சேர எழுதும் அகில இந்தியத் தேர்வு) எழுது என்கிறார், துபாயில் இருக்கும் மாமா ஜெர்மனிக்கு அனுப்புகிறேன் என்கிறார், அம்மா பக்கத்துக் காலேஜிலேயே எம்.இ. சேர்ந்தால் போதும் என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய உண்டு என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "என்விரான்மென்டல் இன்ஜினியரிங்" என்று டிகிரியில் எழுதியிருப்பதால் மட்டும் இந்த வேலை தெரிந்துவிடாது. இந்தியாவில் அந்தப் படிப்பு பெரும்பாலும் சிவில் துறைக்குள் இருக்கிறது. அதனால் குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகியவைதான் பாடத்தில் பாதிக்கு மேல் வரும், காற்றுக்கு ஒன்றோ இரண்டோ பேப்பர். ஆனால் வேலை என்னவோ கெமிக்கலும் மெக்கானிக்கலும் கலந்தது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, நான்கு செமஸ்டரும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முறையைப் படித்துவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

## வேலை என்றால் என்ன வேலை?

நம்மூர் உதாரணமே எடுத்துக்கொள்வோம். ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை ஆலை. அண்டி வறுக்கும்போது வரும் புகை எப்படி இருக்கும் என்று கருங்கல், குலசேகரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கண் எரியும், தொண்டை கரகரக்கும். சுற்றி வீடுகள் வந்துவிட்டன, புகார் போகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. முதலாளி உங்களைக் கூப்பிட்டு "என்ன மெஷின் வைக்கணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்.

துணிப் பைகளில் தூசியை வடிக்கும் பேக் ஃபில்டர் வைக்கலாம் என்று சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். அண்டித் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் புகையோடு வந்து துணியில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நாளிலேயே பைகள் அடைத்துப் போகும். சரி, தண்ணீரில் கழுவும் ஸ்க்ரப்பர் வைக்கலாம். புகை குறையும், ஆனால் காற்றில் போனது இப்போது தண்ணீரில் இருக்கிறது, அந்தக் கறுப்புத் தண்ணீரை எங்கே விடுவது? பக்கத்தில் குளம், அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. வேறு வழி, வறுக்கும் முறையையே மாற்றி நீராவியில் வேகவைப்பது. புகையில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும், அப்புறம் பாய்லர் புகைக்கு மட்டும் வழி பார்த்தால் போதும். நல்ல டிசைனர் இந்த மூன்றையும் செலவோடு எழுதி முதலாளி முன் வைப்பார்.

இனி கணக்கு. கல் குவாரி கிரஷரில் மணிக்கு 10,000 கன மீட்டர் தூசிக் காற்றை இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 167 கன மீட்டர் வருகிறது. துணி வழியாக நிமிஷத்துக்கு 1.2 மீட்டர் வேகத்தில் விடலாம் என்று எடுத்தால் 139 சதுர மீட்டர் துணி வேண்டும். 150 மில்லிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு பையில் 1.41 சதுர மீட்டர் கிடைக்கும், ஆக ஏறக்குறைய 100 பைகள். இதே அளவு காற்றை, குறுகிய கழுத்தில் வேகமாக விட்டுத் தண்ணீரில் கழுவும் வெஞ்சுரி ஸ்க்ரப்பர் வழியாக 500 மில்லிமீட்டர் நீர் அளவு அழுத்த இழப்பில் இழுத்தால் ஃபேனுக்கு 20 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். பேக் ஃபில்டரில் 150 மில்லிமீட்டர் என்றால் 6 கிலோவாட் சொச்சத்தில் முடிந்துவிடும். கரண்ட் பில்லைப் பார்க்கும் முதலாளிக்கு இந்த வித்தியாசம்தான் முதலில் புரியும்.

இந்த மாதிரிக் கணக்கைப் போடவும், வரைபடமாக்கவும், ஃபேன் ஓடும்போது ஏன் இழுவை வரவில்லை என்று கண்டுபிடிக்கவும் எந்தப் படிப்பு சொல்லித்தரும் என்பதுதான் நம் கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

காற்றுக்கும் டிசைனுக்கும் பாடத்தில் எவ்வளவு இடம். காலேஜ் பேரைப் பார்க்கும் முன் சிலபஸை இறக்கிப் பாருங்கள். "ஏர் பொல்யூஷன்" என்று ஒரே ஒரு பேப்பர், அதிலும் பாதி சட்டமும் வரையறையும் என்றால் அங்கே டிசைன் இல்லை. சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிப்பது), பேக் ஃபில்டர், இஎஸ்பி (மின்சாரத்தால் தூசியை இழுத்துப் பிடிப்பது), ஸ்க்ரப்பர் எல்லாவற்றுக்கும் அளவு நிர்ணயம், டக்ட் (காற்றுக் குழாய்), ஹூட் (தூசியை உறிஞ்சும் வாய்), ஃபேன், சிம்னியில் மாதிரி எடுக்கும் ஆய்வகம், இவை இருக்கிறதா என்று தேடுங்கள்.

மொத்தச் செலவு. ஃபீஸோடு நிற்காமல் ஹாஸ்டல், கோச்சிங், இரண்டு வருஷம் விட்டுப்போகும் சம்பளம், லோன் வட்டி எல்லாம் சேர்த்து.

முடித்தபின் வேலை எங்கே. நம் மாவட்டத்தில் இந்த வேலை குறைவு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை, வருஷத்தில் இரண்டு மழைக்காலம், பெரிய ஆலைகள் கிடையாது. இருப்பது அண்டி ஆபீஸ், செங்கல் சூளை, கிரஷர், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடங்கள், மணவாளக்குறிச்சி மணல் ஆலை. பக்கத்தில் என்றால் தாழையூத்து சிமெண்ட் ஆலை, தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள். கருவி செய்யும் கம்பெனிகள் புனே, சென்னை, கோயம்புத்தூர், குஜராத் பக்கம்.

உங்கள் பி.இ. பிரிவு. சில எம்.டெக். இடங்களுக்கு சிவில் மட்டும்தான், சில இடங்களில் கெமிக்கல், மெக்கானிக்கலும் வரலாம். விண்ணப்பம் போடும் முன் பார்க்க வேண்டியதை சிலர் கவுன்சலிங் நாளன்று பார்க்கிறார்கள்.

வீட்டு நிலைமை. இதை யாரும் அட்டவணையில் எழுத மாட்டார்கள், ஆனால் பாதி முடிவுகள் இங்கேதான் நடக்கின்றன. தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன், அப்பா கல்ஃபிலிருந்து திரும்பிவிட்டார் என்பதெல்லாம்.

## 1. கேட் எழுதி ஐஐடி, என்ஐடி

ஐஐடி பம்பாயில் சுற்றுச்சூழலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. கான்பூரிலும் மெட்ராஸிலும் சிவில் துறைக்குள் இருந்தாலும் காற்று ஆராய்ச்சிக்குப் பெயர் உண்டு. திருச்சி என்ஐடியிலும் என்விரான்மென்டல் எம்.டெக். உண்டு, ரயில் ஏறினால் ஒரு ராத்திரியில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது நம்மவர்களுக்குக் கூடுதல் வசதி.

2021-லிருந்து கேட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கு தனித் தாள் இருக்கிறது. உடனே அதை மட்டும் எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்பது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில், கெமிக்கல் தாள்களைத்தான். சுற்றுச்சூழல் தாளை மட்டும் எழுதினால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். இரண்டு தாள் எழுத அனுமதி உண்டு, ஆனால் எந்த இரண்டு சேரும் என்று அந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், அதனால் வேலையில் இருந்துகொண்டே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பண விஷயத்தில் இதைவிட நல்ல வழி இந்தியாவில் இல்லை. மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதற்குப் பதில் வாரத்தில் சில மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ உதவி செய்ய வேண்டும். ஹாஸ்டலும் மெஸ்ஸும் போக வீட்டில் பெரிதாகக் கேட்க வேண்டியிருக்காது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, கேட்டுக்காக நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ரூம் எடுத்து உட்காரும் அந்த ஒரு வருஷம். ரேங்க் வந்தால் சரி, வராவிட்டால் "இன்னும் ஒரு தடவை" என்று இரண்டாவது வருஷமும் போகும். இரண்டாவது, ஐஐடியில் காற்று என்றாலே பெரும்பாலும் ஆராய்ச்சி. ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்), அது எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பது, செயற்கைக்கோள் தரவு, மாடலிங். எல்லாம் அருமையான விஷயங்கள்தான், ஆனால் நீங்கள் கேட்டது அண்டி ஆபீஸ் புகையைப் பிடிக்கும் மெஷின். டிசைன்தான் வேண்டும் என்றால் சேர்ந்த முதல் மாசமே கருவி சம்பந்தமான திட்டம் வைத்திருக்கும் பேராசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கெமிக்கல் துறையில் ஒன்றிரண்டு பேப்பர் எடுத்து ஈடுகட்ட வேண்டும். கேம்பஸில் வேலைக்கு வரும் கம்பெனிகளில் டேட்டா அனலிடிக்ஸ் கம்பெனிகளும் இருக்கும், சம்பளத்தைப் பார்த்து அந்தப் பக்கம் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

கெமிக்கல் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: என்விரான்மென்டல் எம்.டெக்.கைவிட கெமிக்கல் எம்.டெக். எடுத்து, தீசிஸை வாயுச் சுத்திகரிப்பில் செய்வது உங்களுக்கு இன்னும் நல்லது. மாஸ் டிரான்ஸ்ஃபரும் ரியாக்டரும் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு சாக்கடைக் குழாய் சரிவு படிக்கப் போவானேன்?

## 2. அண்ணா பல்கலை, அரசு கல்லூரிகள்

2023-லிருந்து எம்.இ., எம்.டெக். சேர்வதற்கு சீட்டா என்ற நுழைவுத் தேர்வு வந்துவிட்டது, டான்செட் இப்போது எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு. கிண்டியில் அண்ணா பல்கலையின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் பழைய, அனுபவமுள்ள இடம். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கேட்டில் தகுதி மதிப்பெண் மட்டும் வாங்கியிருந்து, ஐஐடி கிடைக்காமல், ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில்) அங்கீகாரம் உள்ள கல்லூரியில் எம்.இ. சேர்ந்தாலும் அதே 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் சீட்டா வழியாகத்தான் போவேன் என்று முடிவு செய்தவர்களும் கேட்டை எழுதி வையுங்கள். பாஸானால் இரண்டு வருஷத்தில் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே கைக்கு வரும்.

நிறை என்னவென்றால் சென்னை. மணலி, எண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ராணிப்பேட்டையில் இருக்கும் பொதுத்துறை பெல் (BHEL) ஆலை அனல்மின் நிலையங்களுக்கான இஎஸ்பியும் ஃபேனும் செய்கிறது. இன்டர்ன்ஷிப்புக்கு விடாமல் முயற்சி செய்ய வேண்டிய இடம் அது. சென்னையில் இருக்கும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களில் பகுதி நேரமாக ஸ்டாக் மானிட்டரிங்குக்கு (சிம்னிப் புகையை அளப்பதற்கு) போனால், சிம்னி மேல் ஏறி, வாயு போகும் அதே வேகத்தில் மாதிரி எடுப்பது என்றால் என்ன என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

குறை, முன்பே சொன்னதுதான். பாடத்தில் தண்ணீர் அதிகம். விருப்பப் பாடங்களில் காற்று சம்பந்தமானவை பட்டியலில் இருக்கும், ஆனால் எடுக்கப் போதுமான பேர் வேண்டும், ஆசிரியர் வேண்டும், இல்லையென்றால் அந்த வருஷம் நடத்த மாட்டார்கள். பட்டியலைப் பார்த்து ஏமாறாமல், போன வருஷம் எதெல்லாம் நடந்தது என்று சீனியர் ஒருவரிடம் கேளுங்கள். அப்புறம் சென்னை வாடகை. ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும்.

## 3. வீட்டுக்குப் பக்கத்தில் தனியார் காலேஜ்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். காலையில் அம்மா கட்டித்தரும் சோற்றோடு காலேஜ் பஸ்ஸில் போய்வரலாம், செலவு தெரிந்த செலவு, வீட்டுக்கும் நிம்மதி. ஆனால் எம்.இ. வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வகுப்பில் ஆய்வகம் எப்படி நடக்கும், எந்தக் கம்பெனி வந்து ஆள் எடுக்கும்?

முன்பெல்லாம் எம்.இ. முடித்தால் அதே காலேஜில் ஆசிரியர் வேலை என்று ஒரு கணக்கு இருந்தது. சேர்க்கை குறைந்து போன இந்தக் காலத்தில் அந்தக் கணக்கை நம்பிச் சேர வேண்டாம். ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை செய்துகொண்டு, டிகிரி ஒன்று மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு இது பொருந்தும். வீட்டை விட்டுப் போகவே முடியாத நிலை உள்ளவர்களுக்கும் பொருந்தும், ஆனால் அவர்கள் என்பிடெல் (NPTEL) இணையவழிப் பாடங்களைக் கூடவே எடுக்கட்டும். காற்று மாசு, மாஸ் டிரான்ஸ்ஃபர், ஏரோசால் என்று ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, பரீட்சைக்கு மட்டும்தான் பணம். தீசிஸுக்கு நம் ஊர் சூளையையோ கிரஷரையோ எடுங்கள். செங்கல் சூளைகளை, சூடான காற்று வளைந்து வளைந்து போகும் ஜிக்-ஜாக் முறைக்கு மாற்றச் சொல்லி மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி கொண்டு வந்தது, ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் சூளைக்காரர்களோடு பேசினாலே ஒரு தீசிஸுக்குத் தேவையானது கிடைக்கும்.

## 4. ஜெர்மனி

ஏன் ஜெர்மனி? ஸ்டுட்கார்ட் பல்கலையில் காற்றுத் தரக் கட்டுப்பாடு, திடக்கழிவு, கழிவுநீர் மூன்றையும் செயல்முறைப் பொறியியலாகச் சொல்லித்தரும் ஆங்கில வழி மாஸ்டர்ஸ் ஒன்று பல வருஷமாக நடக்கிறது, பெயர் வேஸ்ட் (WASTE). நான்கு செமஸ்டர். சிவிலுக்குள் ஒட்டிவைக்காமல், எரிப்பு, வாயுச் சுத்திகரிப்பு, அளவீடு என்று ஆலைப் பக்கமிருந்தே பாடம் போகும். "கருவி டிசைன்" என்ற அளவுகோலை மட்டும் வைத்தால் இந்தப் பட்டியலில் இதுதான் முன்னால் நிற்கும்.

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று மாமா சொல்லியிருப்பார். பெரும்பாலான மாநிலங்களில் உண்மை. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் மட்டும் 2017-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ. விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருஷச் செலவு போட்டு வைக்க வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சம். அந்தப் பணம் உங்களுக்குத்தான் மாசாமாசம் திரும்பி வரும், ஆனால் முதலில் மொத்தமாகக் காட்ட வேண்டும். ஏபிஎஸ் (உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும்) சான்றிதழ் 18,000 ரூபாய், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, டிக்கெட், முதல் மாச வாடகை முன்பணம் எல்லாம் தனி.

லோன் என்றால், பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் வரை பொதுவாக ஈடு கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் மேசைக்கு வரும். பத்திரம் அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவில் இருந்தால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும், நம் வீடுகளில் அது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும். அட்மிஷன் வந்தபிறகு இதை ஆரம்பித்தால் விசா தேதி போய்விடும்.

பெரிய மறைமுகச் செலவு பணம் கிடையாது, ஜெர்மன் மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் ஃபில்டரும் ஸ்க்ரப்பரும் செய்யும் கம்பெனிகள் அங்கே பெரும்பாலும் நடுத்தர அளவு, சின்ன ஊர்களில் இருப்பவை, ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலை செய்பவரோடு ஜெர்மனில்தான் பேச வேண்டும். பி2 அளவு (சரளமாகப் பேசும் நிலை) இல்லாமல் வேலை தேடுவது கஷ்டம். படிப்பு முடிந்தபின் 18 மாசம் வேலை தேட அனுமதி தருகிறார்கள், படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். அந்த நாட்களை பீட்சா கடையில் செலவழிக்கிறீர்களா, பல்கலை ஆய்வகத்தில் உதவியாளராகவா என்பதைப் பொறுத்து உங்கள் பயோடேட்டா மாறும். ஜெர்மன் ஏ2-வையாவது (தொடக்க நிலையின் இரண்டாம் படி) இங்கிருந்தே முடித்துவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று: படித்துவிட்டுத் திரும்பி வரத்தான் போகிறேன் என்று இப்போதே உறுதியாக இருந்தால் இந்த வழி கட்டுப்படியாகாது. யூரோச் செலவுக்கு வாங்கிய கடனை இந்தியச் சம்பளத்தில் அடைப்பது மிகக் கஷ்டம்.

## 5. முதலில் வேலை, அப்புறம் படிப்பு

வீட்டில் யாரும் இதை ஒரு தேர்வாகவே எடுத்துக்கொள்வதில்லை. "வேலை கிடைக்காததால் போகிறான்" என்று நினைப்பார்கள். என்னைக் கேட்டால், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு இதுதான் முதல் வழி.

கோயம்புத்தூர் பக்கம் ஃபவுண்டரிகளுக்கு டஸ்ட் கலெக்டர் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. புனேயில் தெர்மாக்ஸ் மாதிரிப் பெரிய கம்பெனிகள். சின்னக் கம்பெனியில் சம்பளம் குறைவு, ஆனால் ஒரே ஆள் சைட்டுக்குப் போய் அளவெடுத்து, டக்ட் வரைந்து, ஃபேன் தேர்ந்தெடுத்து, ஃபேப்ரிகேஷனைப் பார்த்து, ராத்திரி ஷட்டவுனில் கிரேன் வைத்து ஏற்றி, ஓட்டிக் காட்டி, கடைசியில் பாக்கிப் பணம் வாங்குகிற வரை நிற்க வேண்டியிருக்கும். இரண்டு வருஷம் இப்படி இருந்தவருக்கு எம்.டெக். வகுப்பில் வரும் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு சைட் ஞாபகம் வரும். ஹூட்டை அரை மீட்டர் தள்ளி வைத்தால் எத்தனை மடங்கு காற்று இழுக்க வேண்டியிருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்தவரும், முதலாளி முன்னால் ஃபேனைப் போட்டும் தூசி வெளியே வருவதைப் பார்த்து நின்றவரும் ஒன்றாக மாட்டார்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் இந்த இரண்டு வருஷம் பெரிய பலம். கல்ஃப் ஆசை இருப்பவர்களுக்கும் இது உதவும், டக்டும் ஃபேனும் தெரிந்த மெக்கானிக்கல்காரருக்கு ஏசி டக்ட் வேலை எப்போதும் உண்டு.

என்ன போகும்? சம்பளம் வர ஆரம்பித்தால் பைக் வரும், பைக் வந்தால் ஈஎம்ஐ, அப்புறம் பொண்ணு பார்ப்பார்கள், படிப்பு "அடுத்த வருஷம்" என்று தள்ளிக்கொண்டே போகும். கேட்டை முதல் வருஷத்திலேயே எழுதி மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் மூன்று வருஷக் கெடு உங்களைத் தானே விரட்டும். பெண் பிள்ளைகளுக்கு சைட் வேலை தரத் தயங்கும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. டிசைன் ஆபீஸும் சைட்டும் தனித்தனியாக இருக்கும் பெரிய கம்பெனியாகப் பார்த்து நுழைந்து, கமிஷனிங்குக்கு (கருவியை முதலில் ஓட்டிக் காட்டுவதற்கு) நானும் வருகிறேன் என்று கேட்டு வாங்கிப் போவது நல்லது. ஆபீஸிலேயே உட்கார்ந்துவிட்டால் கற்றுக்கொள்வது பாதியாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| | ஐஐடி, என்ஐடி | அண்ணா பல்கலை, அரசு | பக்கத்துத் தனியார் | ஜெர்மனி | முதலில் வேலை |
|---|---|---|---|---|---|
| காற்று டிசைன் பாடம் | ஆராய்ச்சி அதிகம், டிசைனைத் தேடி எடுக்கணும் | குறைவு, விருப்பப் பாடம் நடந்தால் உண்டு | மிகக் குறைவு | அதிகம் | பாடம் இல்லை, கைவேலை முழுக்க |
| கைக்காசு | குறைவு, 12,400 உதவித்தொகை | குறைவு, கேட் இருந்தால் உதவித்தொகை | நடுத்தரம் | முதல் வருஷமே 12 லட்சம் காட்டணும், ஃபீஸ் தனி | செலவு இல்லை, சின்னச் சம்பளம் |
| மறைமுகச் செலவு | கோச்சிங் வருஷம் | சென்னை வாடகை | வேலை வாய்ப்பு குறைவு | ஜெர்மன் மொழி, வீட்டுப் பத்திரம் | படிப்பு தள்ளிப்போவது |
| யாருக்கு | கேட் ரேங்க் வருகிறவர், ஆராய்ச்சி ஆசை உள்ளவர் | சிவில், ஆலோசனை நிறுவன வேலை விரும்புபவர் | ஏற்கெனவே வேலையில் இருப்பவர் | திரும்ப அவசரமில்லாதவர், கடனைத் தாங்கும் வீடு | மெக்கானிக்கல் |

## அட்டவணையில் அடங்காத இரண்டு மூன்று

வேலைச் சந்தை எப்படி மாறும் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குக் கடுமையான புகை வரம்பு வந்தபோது, சல்பர் டை ஆக்சைடைப் பிடிக்கும் எஃப்ஜிடி கருவிக்குப் பெரிய காலம் வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், அதை நம்பிப் படித்தவர்களும் உண்டு. காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலக்கரி மின் நிலையங்களுக்கு அந்த சல்பர் வரம்பிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதனால் ஒரே ஒரு கருவியை, ஒரே ஒரு தொழிலை நம்பி நிபுணத்துவம் தேடாதீர்கள். தூசி பிடிப்பது எப்போதும் இருக்கும்: சிமெண்ட், இரும்பு, சர்க்கரை ஆலை பாய்லர், மருந்துத் தொழிற்சாலை, ஃபவுண்டரி. பெயிண்ட், கெமிக்கல் ஆலைகளில் கரைப்பான் ஆவி பிடிக்கும் வேலையும் இருக்கிறது, அதற்கு கெமிக்கல்காரர்கள் தேவை.

"எம்.இ. என்விரான்மென்டல் முடித்தால் வாரியத்தில் வேலை" என்று சொல்லி அனுப்பும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். வாரிய வேலை நல்ல வேலை, ஆனால் அது டிசைன் வேலை கிடையாது. ஆய்வு, அனுமதி ஆவணம், 1981 காற்றுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை என்பதுதான் அங்கே அன்றாடம். பணியிடங்களும் எப்போதாவதுதான் அறிவிக்கப்படும். அதுதான் குறிக்கோள் என்றால் இரண்டாவது வழியே போதும், அறிவிப்பு வரும்போது கல்வித் தகுதியை வரிக்கு வரி படித்து விண்ணப்பியுங்கள்.

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல் படித்தவர்களும் கேட்கிறார்கள். கருவி டிசைன் பக்கம் உங்களுக்குக் கதவு குறுகல்தான். ஆனால் புகை எங்கே போய் விழும் என்று கணிக்கும் மாடலிங், ஆய்வகப் பரிசோதனை, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிப்பு இவற்றில் நல்ல இடம் உண்டு. சுற்றுச்சூழல் அறிக்கை எழுதும் நிறுவனங்களுக்கு நாபெட் (NABET) என்ற தர அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் வேண்டும், அதில் காற்று மாசுக்கும் காற்றுத்தர மாடலிங்குக்கும் தனித்தனியாக நிபுணர் காட்ட வேண்டும். அனுபவம் சேர்ந்தால் அந்த இடம் உங்களுக்கும் கிடைக்கும்.

அந்த மூன்று பேருக்கும் நேரடியாக: மெக்கானிக்கல் தம்பி கோயம்புத்தூருக்கு ரயில் ஏறட்டும், கேட் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு. கெமிக்கல் தங்கச்சி இந்த வருஷமே கெமிக்கல் தாள் எழுதட்டும், கூடவே ஜெர்மன் ஏ1 வகுப்பில் சேரட்டும், எது முதலில் வருகிறதோ அது. மார்த்தாண்டம் சிவில் அண்ணன் அண்ணா பல்கலைக்கு முயற்சி செய்து, சென்னையில் இருக்கும் இரண்டு வருஷமும் ஸ்டாக் மானிட்டரிங் குழுவோடு சுற்றட்டும். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும், பரீட்சை பிப்ரவரியில். ஜெர்மனி ஏபிஎஸ்ஸுக்கு மட்டும் பல்கலைக் கடைசித் தேதிக்கு நான்கைந்து மாசம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், டிகிரி மார்க்‌ஷீட் பல்கலையிலிருந்து வர எடுக்கும் நாளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.